திருத்தணியை மீட்ட வாதம்

மணவூர்

அன்புள்ள கயல்விழி,

பேச்சுப் போட்டிக்கு நீ எழுதியதைப் படித்தேன். நல்ல வேகம். ஆனால் எதிரணியில் ஒருவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் பாதி சரிந்துவிடும் என்று கவலையாக இருக்கிறது.

திருவாலங்காட்டுச் செப்பேட்டைக் காட்டி, திருப்பதி வரை நம்முடையது என்கிறாய். 1905இல் நம் பக்கத்து ஊரில் கிடைத்த அந்த ராஜேந்திர சோழன் செப்பேடு எனக்கும் பெருமைதான். ஆனால் சோழன் எழுத்து இருக்குமிடமெல்லாம் நமது என்றால் கோலாரையும் கேட்க வேண்டுமே, அங்கேயும் சோழர் கல்வெட்டு இருக்கிறது. கேட்பாயா?

1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் அவரோடு நின்றவர்களும் போராடினார்கள், சிறை போனார்கள். அவர்களுக்கும் முன்பே மங்கலங்கிழார் இந்த ஊர்களில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை உன் பேச்சில் விட்டுவிட்டாயே, அம்மா! தெருவில் இறங்கியவர்கள் இல்லையென்றால் கோரிக்கையே செத்திருக்கும். ஆனால் நடுவராக வந்த படாஸ்கரிடம் நின்றது வேறு வகை ஆதாரம். கிராமத்தை அலகாக வைத்து, அங்கே எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம், அந்த ஊர் மற்ற ஊர்களோடு தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். பழம்பெருமை கேட்கப்படவில்லை, அன்று அங்கே குடியிருந்தவர்களின் பேச்சுமொழி கேட்கப்பட்டது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி நமக்கு வந்தது. திருப்பதி வரவில்லை.

அதே அளவுகோலில் சத்தியவேடு பக்கத்து ஊர்கள் நம்மிடமிருந்து ஆந்திராவுக்குப் போயின. உன் பேச்சில் சத்தியவேடு என்ற பெயரே இல்லை. எதிரணி முதலில் கை வைக்கப்போவது அங்கேதான். நமக்கு லாபமான இடத்தில் ஒரு விதியை ஏற்றுக்கொண்டு, நஷ்டமான இடத்தில் மறைத்தால், திருத்தணிக்கான நியாயமும் சேர்ந்தே ஆட்டம் காணும்.

நம் தெருவிலேயே தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு. அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாலும் நீ கூசாமல் சொல்லக்கூடிய வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொள். திருப்பதிப் பத்தியை எடுத்துவிடு. அந்த இடத்தில் மங்கலங்கிழாரையும் சத்தியவேட்டையும் எழுது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வரும்போது புதிய படியைக் கொண்டு வா. எதிரணிக்காரனாக நான் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன்.

அன்புடன்,
மாமா