ஆற்று மணல் சொல்லாத செய்தி

கொள்ளிடத்தில் நீர் வடிந்தபின் மணலில் வரிவரியான கோடுகளைக் கண்டு, வெள்ளத்தின் சுவடு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அவை கடைசியாக ஓடிய மெல்லிய நீரின் சுவடுகளேயாம்.

மெல்லோட்டத்தில் மணல் துகள்கள் சரிவில் உருண்டேறி மறுபுறம் விழுவதால் சிறு வரிகள் கீழ்நோக்கி ஊர்கின்றன. வேகம் கூடினால் பெரிய மேடுகள் எழும். மேலும் கூடினால் அவையும் அழிந்து படுகை சமமாகும். அதற்கும் மிஞ்சிய வேகத்தில் ஒரு விந்தை! துகள்கள் கீழ்நோக்கிப் போக, மேடுகளோ ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி நகரும். அமெரிக்க நிலவியல் அறிஞர் கில்பர்ட், 1914இல் வெளியிட்ட ஆய்வில் இவற்றை எதிர்மேடுகள் என்றார்.

இது ஏட்டுப் பாடம் மட்டுமன்று. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், திருச்சியில் 1928இல் கட்டப்பட்ட கொள்ளிடம் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. போக்குவரத்து முன்னரே புதிய பாலத்திற்கு மாறியிருந்தது நல்லகாலம்.

தூணில் மோதும் நீர் கீழ்நோக்கித் திரும்பிச் சுழன்று அடிமணலைத் தோண்டுகிறது. வெள்ளம் வடிகையில் மேலிருந்து வரும் மணல் அக்குழியை மூடிவிடும். கோடையில் பார்ப்பவருக்குத் தூண் ஆழப் பதிந்திருப்பதாகவே தோன்றும். ஆதலால் வெள்ளம் ஓடும்போதே குழியை அளக்க வேண்டும் என்பேன். மணலை அள்ளித் தீர்த்த ஆற்றிலோ, குழியை மூடவும் மணல் வராது.