பத்திரம் தேட நேரமாகிறதா?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஓர் ஆவண எழுத்தருக்காகப் பழைய பத்திர விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தேன். சர்வே எண்ணைத் தட்டிவிட்டு ஒரு சாயா குடித்து வரலாம், அவ்வளவு மந்தம். இன்டெக்ஸ் போட்டுச் சரிசெய்தபோது கற்றவை இவை.

1. முதலில் எக்ஸ்ப்ளெய்ன் கொடுத்துப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் 'சீக் ஸ்கேன்' என்றாலோ மைஎஸ்க்யூஎல் 'ஆல்' என்றாலோ அட்டவணை முழுவதையும் புரட்டுகிறது என்று பொருள். சில நூறு வரிகள்தான் என்றால் புரட்டட்டும், விட்டுவிடுங்கள்.

2. ஒரே சர்வே எண் பல கிராமங்களில் இருக்கும். ஆகவே கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்ற வரிசையில் ஒரே கூட்டு இன்டெக்ஸ் போடுங்கள். கிராமத்தைச் சொல்லாமல் உட்பிரிவை மட்டும் கேட்டால் அது பெரும்பாலும் உதவாது. நம் பத்மநாபபுரம் அரண்மனையையே பாருங்களேன்: நிற்பது கல்குளம் வட்டத்தில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. வட்டப்படி தேடுகிறவருக்கு ஒரு வரிசை, துறைப்படி தேடுகிறவருக்கு வேறு வரிசை. எந்தக் கேள்வி அடிக்கடி வருகிறதோ அதற்கேற்ப அடுக்குங்கள்.

3. இந்தப் பக்கம் 'விளை' என்று முடியும் ஊர்கள் ஏராளம். '%விளை' என்று தேடினால் சாதாரண பி-ட்ரீ இன்டெக்ஸ் கைவிட்டுவிடும். அதற்குப் பெயரின் தொடக்கம் தெரிய வேண்டும். பெயரைத் தலைகீழாக்கித் தனிப் பத்தியில் வைத்து அதற்கு இன்டெக்ஸ் போடுங்கள். தேடும் சொல்லையும் தலைகீழாக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்றால் 'டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ்' சேர்ப்பது நல்லது.

4. தேதியிலிருந்து ஆண்டையும் மாதத்தையும் பிரித்தெடுத்து ஒப்பிடாதீர்கள். தேதிக்குப் போட்ட இன்டெக்ஸ் வீணாகும். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்திய பத்திரங்கள் வேண்டுமா? தேதி 1956-11-01-ஐவிடக் குறைவு என்று நேராகக் கேளுங்கள்.

5. உட்பிரிவில் எழுத்தும் வரும் என்பதால் எண்களை எழுத்து வடிவில் சேமித்திருப்பீர்கள். தேடும்போது மேற்கோள் குறி அவசியம். இல்லாவிட்டால் மைஎஸ்க்யூஎல் இன்டெக்ஸைத் தொடாது. நான் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டது இதில்தான்.

6. எல்லா வரியிலும் 'கன்னியாகுமரி' என்றே இருக்கும் மாவட்டப் பத்திக்கு இன்டெக்ஸ் தண்டம். ஒவ்வொரு இன்டெக்ஸும் புதுப் பதிவைத் தாமதமாக்கும்.

7. அலுவலக நேரத்தில் போஸ்ட்கிரெஸில் இன்டெக்ஸ் போடுவதானால் 'கன்கரன்ட்லி' சேருங்கள். பதிவு வேலை தடைப்படாது. பாதியில் முறிந்தால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று கிடக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்.