மூச்சை எண்ணு, தோலைத் தொட்டுப் பார்

அன்புள்ள மகளுக்கு,

பதுளைத் தாதியர் கல்லூரியில் சுவாச நோய்களும் தோல் நோய்களும் இப்போது பாடமாக நடப்பதாக எழுதியிருந்தாய். புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு அத்தியாயங்கள். ஆனால் பசறையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ பஸ் ஏறி வருகிற ஒரு தோட்டத்து அம்மாவிடம் அவை பெரும்பாலும் சேர்ந்தே வரும். இருமலுக்காகப் படுத்திருப்பவரின் விரலிடுக்கில் சொறி இருக்கும். கால்புண்ணுக்கு மருந்து கட்ட வந்தவர் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குவார். அதனால் நானும் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் மூச்சு. காய்ச்சலையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் கருவி சொல்லிவிடும். மூச்சை நீதான் எண்ண வேண்டும். அதனாலேயே பல வாட்டுகளில் அது எண்ணப்படாமல், எல்லாருக்கும் 20 என்று சாட்டில் ஏறிவிடுகிறது. எனக்கு இதைவிட வருத்தம் தரும் பழக்கம் வேறில்லை. நோயாளி மோசமாகிறார் என்பதை முதலில் காட்டுவது பெரும்பாலும் மூச்சின் வேகம்தான். ஒரு முழு நிமிடம் எண்ணு. எண்ணப் போகிறேன் என்று சொல்லாதே; சொன்னால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். நாடி பார்த்த கையை விடாமல் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார். வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம். 25ஐத் தொட்டால் உடனே வைத்தியரிடம் சொல். குழந்தைகளின் கணக்கு வேறு: 2 மாதம் நிறையாத குழந்தைக்கு 60, 2 முதல் 12 மாதம் வரை 50, அதன்பின் 5 வயது வரை 40. இந்த எண்களைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் காத்திருக்க நேரமில்லை. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

அடுத்தது நிறம். ஒட்சிசன் குறைந்தால் உதடு நீலமாகும், கிருமி தொற்றினால் தோல் சிவக்கும் என்று படித்திருப்பாய். அந்த வருணனைகள் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. நம் மக்களின் மாநிறத்திலும் கறுப்பிலும் அவற்றைத் தேடினால் ஏமாந்து போவாய். நாக்கையும் ஈறையும் உதட்டின் உட்புறத்தையும் கீழிமையின் உட்பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் பார். அங்கே நீலத்தைவிடச் சாம்பல் நிறம்தான் தெரியும். விரலில் மாட்டும் ஒட்சிமீற்றரையும் முழுதாக நம்பாதே. கறுத்த தோலில் அது ஒட்சிசன் அளவை உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவதுண்டு என்று அமெரிக்க ஆய்வொன்று 2020 டிசம்பரில் எடுத்துக் காட்டியது. அதே 2020இல் லண்டனில் மாலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், கறுப்பு, மாநிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்பதற்கு ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு கைந்நூலையே வெளியிட்டார். ஒரு மாணவர் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்த நூல் அது. நீயும் கேள்.

சிவப்புத் தெரியாத தோலில் உன் கைதான் கருவி. புறங்கையை வைத்துச் சூட்டைப் பார், பக்கத்துத் தோலோடு ஒப்பிடு, இறுக்கத்தையும் வீக்கத்தையும் தடவி அறி. படுக்கைப் புண்ணும் இப்படித்தான்: சிவக்கும் வரை காத்திருந்தால் தோல் உடைந்த பிறகுதான் கண்டுபிடிப்பாய்.

இனி அடுப்புக்கு வருவோம். நெஞ்சுச்சளி, இழுப்பு என்று வருபவரிடம் "சிகரட் குடிப்பீர்களா?" என்று படிவம் கேட்கிறது. அந்த அம்மா இல்லை என்பார். விசாரணை அதோடு நின்றுவிடும். நீ நிறுத்தாதே. விறகா, கேஸா? அடுப்பு எங்கே இருக்கிறது? புகை வெளியே போக வழி உண்டா? 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பராவில், ஜன்னலும் சரியாக இல்லாமல், சின்ன வயது முதல் ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்தவரின் நுரையீரல், ஒரு சிகரட்டும் தொடாமலே நாட்பட்ட அடைப்பு நோய்க்கு ஆளாகலாம். 2022இல் கேஸுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, விறகை விட்டிருந்த வீடுகளும் விறகுக்குத் திரும்பின. நாட்பட்ட அடைப்பு நோய் உள்ளவருக்கு ஒட்சிசனை அள்ளிக் கொடுக்கவும் கூடாது; 88 முதல் 92 வீதம் என்பதே வழமையான இலக்கு.

பெக்டரியில் வேலை செய்பவரென்றால் இன்னொரு கேள்வி உண்டு: "லீவு நாளில் இழுப்புக் குறைகிறதா?" தேயிலை சலிக்கும் இடத்தில் இலையின் நுண்ணிய மயிரும் தூசியும் பஞ்சுபோலப் பறக்கும். நம் நாட்டு மார்பு நோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொட, தேயிலை தயாரிப்பவர்களுக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970இலேயே பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் எழுதினார். 1980இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றி மீண்டும் எழுதினார். உலகம் படித்த அந்த ஆய்வுகள் நம் தேயிலைத் தொழிலாளரிடமிருந்து பிறந்தவை. உன் வகுப்பில் அவர் பெயர் வராவிட்டால் நீயே எடுத்துச் சொல்.

அவர் கண்டறிந்த இன்னொன்று உனக்கு வாட்டில் நேரடியாகப் பயன்படும். கசநோய்க்கு ஐசோனியசிட் குடிப்பவர்கள் சிலர், பலயா போன்ற மீனைச் சாப்பிட்டதும் முகம் சிவந்து எரிந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து வந்தார்கள். குளிரில் சரியாக வைக்காத அவ்வகை மீனில் ஹிஸ்டமின் சேரும். உடல் அதைச் சிதைத்து வெளியேற்றுவதை ஐசோனியசிட் தடுக்கிறது. பதுளைக்கு மீன் கடலோரத்திலிருந்து மலையேறி வர வேண்டும் என்பதை நினைத்துக்கொள். கறுத்த முகத்தில் அந்தச் சிவப்பு உன் கண்ணுக்குப் படாது. "முகமெல்லாம் காந்துது மிஸ்ஸி" என்று அவர் சொல்வதைத்தான் நீ கேட்க வேண்டும். சொல்லாதவர் என்ன செய்வார்? மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தானே நிறுத்திவிடுவார். ஆறு மாத மருந்தை நடுவில் விட்டால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத நோயாகவும் மாறலாம். ஆகவே முதல் நாளே சொல்லிவிடு: இந்த மீனைத் தவிருங்கள், இன்னொரு மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். இரண்டு நிமிடப் பேச்சு இது.

சொறியை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை, நீ எண்ணு. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இரவில் கூடும் அரிப்பு. ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுப்பது வீண். காம்பராவில் இருக்கும் எல்லோரும், அரிப்பு இல்லாதவரும், ஒரே இரவில் கழுத்திலிருந்து பாதம் வரை பெர்மெத்ரின் பூசி, 8 முதல் 12 மணி நேரம் வைத்துக் கழுவ வேண்டும். ஒரு கிழமை கழித்து மறுபடியும் பூச வேண்டும். கைக்குழந்தைக்கு வைத்தியரைக் கேட்டே பூசு. துணியையும் கம்பளியையும் வெயிலில் போடச் சொல்வது எளிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலுக்கு எங்கே போவார்கள்? பையில் இறுக்கக் கட்டி மூன்று நாளுக்கு மேல் வைக்கச் சொல். மருந்துக்குப் பிறகும் சில வாரம் அரிக்கும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் மருந்தே பொய் என்பார்கள். சொறிந்த புண்ணில் கிருமி ஏறிய பிள்ளைக்கு முகம் வீங்கி, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் அது சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டது என்று பொருள்; அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பு. "சுத்தமாக இருந்தால் இது வராது" என்று மட்டும் சொல்லிவிடாதே. ஒரு பைப்பில் ஒரு லயமே தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அந்தப் பேச்சு அநியாயம்.

ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் கொடுப்பது ஆடி, ஆவணியின் வறண்ட காற்று. அதே காற்றுதான் கொழுந்து எடுப்பவரின் குதிகாலையும் விரலையும் வெடிக்க வைக்கிறது. மழை மாதங்களில் கால்விரலிடுக்கு ஊறிப் புண்ணாகும். முழங்கால் வரை வீங்கி வரும் தொற்று பல வேளைகளில் அங்கேதான் தொடங்கும். காலைப் பார்க்கும்போது விரல்களை விரித்துப் பார். வெளிறிய தேமலைக் கண்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று பஞ்சால் தொட்டுச் சோதி; இல்லையென்றால் தொழுநோயாக இருக்கலாம். தொழுநோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைக் கடந்தது 1995இல். நோயாளர் இல்லை என்பது அதன் பொருளாகாது. அந்த நோய் 6 அல்லது 12 மாத மருந்தில் குணமாகும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உன் வகுப்பில் சிங்களத் தோழிகள் பலர் இருப்பார்கள். அடுப்பு எங்கே, லீவு நாளில் எப்படி, வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது, மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்ற தமிழ்க் கேள்விகளைச் சிங்கள எழுத்தில் எழுதி அவர்களிடம் கொடு. உச்சரிப்பைச் சொல்லிக்கொடு. மனமுவந்து படிப்பார்கள். இதை இந்தக் கிழமையே செய், மகள்.

அன்புடன்,
பெரியம்மா