இரவல் எழுத்தும் இணைய வாணிகமும்

வாணிகத்திற்குச் சரக்கு எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது அதனை எடுத்துரைக்கும் சொல். இணையத்தில் அச்சொல்லும் விலைக்குக் கிடைக்கிறது. முன்னரே எழுதிய ஒரே கட்டுரையை உரிமத்துடன் பலருக்கும் விற்கின்றனர்.

வாங்குவோர் முதலில் காண வேண்டியது உரிமத்தின் எல்லை. சில உரிமங்கள் திருத்தவும் தம் பெயரில் வெளியிடவும் இடமளிக்கும், சில தடுக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் ஆறிலும் ஆசிரியர் பெயரைச் சுட்டுதல் கடமை. அவற்றுள் மூன்று வாணிகப் பயனுக்கு இடந்தருவதில்லை.

அடுத்தது தழுவல். சொற்களை மாற்றி அடுக்குவது தழுவல் ஆகாது. பனிநாட்டுக் குளிருக்கென எழுதிய முகப்பூச்சுக் கட்டுரை, சித்திரை வெயிலில் வேர்க்கும் நம்மவர்க்கு எவ்வாறு பொருந்தும்? தட்பவெப்பம், விலை, பயன்படுத்தும் முறை ஆகியவற்றை ஆராய்ந்து புதிதாய் எழுதுதல் வேண்டும். ஒரே கட்டுரை பல பக்கங்களில் அப்படியே வருமாயின், தேடுபொறி அவற்றுள் ஒன்றை மட்டுமே முன்னிறுத்தக் கூடும்; ஏனையோர் செலவு வீணே.

மெய்ப்பிக்க இயலாத பயன் எதுவும் மூலத்தில் கூறப்பட்டிருப்பின் அதனை நீக்கிவிட வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களை ஏமாற்றும் விளம்பரத்திற்காக உற்பத்தியாளருக்கு 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். எழுதியவர் வேறொருவர் என்பது அங்கே விடையாகாது.

எழுத்தைத் தொழிலாகக் கொள்ள எண்ணும் மாணவ நண்பர்கள் இதனை உளங்கொள்வார்களாக. எழுத்து இரவலாயினும், பொறுப்பு நம்முடையதே.