மைதானம் யாருடையது?

நமது பல்கலைக்கழகக் கட்டடத்தின் முன் நின்று பார்த்தால் எதிரே ஓவல் மைதானம் தெரியும். ஞாயிறு மாலையில் அங்கே பத்திருபது ஆட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன. ஓர் ஆட்டத்தின் பந்து மற்றோர் ஆட்டக்காரர் கையில் போய் விழும். இப்புல்வெளி என்றுமே எல்லோருக்கும் பொதுவாக இருந்திருக்கும் என்று நானும் எண்ணியிருந்தேன். அது தவறென்பதைச் சென்ற ஆண்டுச் சுற்றுலாவுக்குப் பின்னர்தான் படித்தறிந்தேன். சுற்றுலாவின் கதை இருக்கட்டும்; முதலில் மைதானத்தின் கதை.

1860களில் பம்பாய்க் கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டன. அதற்கு வெளியே கிடந்த எஸ்பிளனேடு என்னும் பரந்த திடலே பின்னர் சாலைகளால் துண்டுபட்டு, இன்றைய ஓவல், கிராஸ், ஆசாத் மைதானங்களாயிற்று. பார்சி இளைஞர்கள் 1848இலேயே கிரிக்கெட் கழகம் ஒன்று கண்டுவிட்டனர். 1875இல் வெள்ளையர் தமக்கென ஜிம்கானா அமைத்துக்கொண்டனர். இந்தியருக்கு அதில் இடமில்லை. அதோடு விட்டார்களா? எஞ்சிய பொதுத் திடலிலும் குதிரையேறிப் போலோ ஆடினர். குளம்பு பட்டுக் குழி விழுந்த தரையில் பந்து எங்கே எழும்பும், எப்பக்கம் திரும்பும் என்று யார் கண்டார்! 1881இல் இந்திய ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்டு அரசாங்கத்துக்கு மனுச் செய்தனர். ஒருமுறை இசைந்த அரசாங்கம் பிறகு மனம் மாறியது. மனுக்களோ நிற்கவில்லை. முடிவில் கடற்கரையோரத்தில் பார்சிகளுக்கும், பின்னர் இஸ்லாமியருக்கும் இந்துக்களுக்கும் தனித்தனியே இடம் கிடைத்தது.

இந்துக்களுக்கு இடம் என்றால், எல்லா இந்துக்களுக்குமா? இங்கேதான் பல்வங்கர் பாலூவை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1876இல் தார்வாரில் பிறந்தவர். தீண்டாமைக்கு ஆளான, தோல் தொழில் செய்யும் வகுப்பினர். புனாவில் வெள்ளையர் கழகத்தில் மாதம் சில ரூபாய்ச் சம்பளத்துக்குத் தரை உருட்டவும் வலை கட்டவும் அமர்ந்தார். துரைமாருக்கு மணிக்கணக்கில் பந்து வீசுவார். மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை. அவருடைய இடக்கை வீச்சின் திறம் கண்டு அவ்வூர் இந்துக் கழகத்தார் தம்மோடு சேர்த்துக்கொண்டனர். ஆட்டத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் வேளையில் அவருக்கு வெளியே மண்குவளை! பந்துக்கு இல்லாத தீட்டு குவளைக்கு எங்கிருந்து வந்ததோ? 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஆயினும் இந்து அணிக்கு அவரைத் தலைவராக நியமிக்கவே இல்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அப்பதவி கிட்டியது.

ஆகவே வேலியை எடுத்துவிட்டால் போதாது என்று தெரிகிறது. வேலி போனபின் வழக்கம் நிற்கிறது. வழக்கம் தளர்ந்தாலும் காசும் படிக்கட்டும் நிற்கின்றன. பெண்கள் காரணமின்றிப் பொதுவெளியில் நிற்பதைக்கூட இந்நகரம் ஏற்பதில்லை என்று மும்பைப் பெண்கள் மூவர் 2011இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள். நம் சகோதரிகளுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி என் கதை. சென்ற குளிர்காலத்தில் நம் சங்கச் சுற்றுலாவுக்குக் கன்னேரிக் குகைகளைத் தேர்ந்தவன் நான். வண்டிக்கும் உணவுக்குமாக ஒரு தொகை குறித்து அறிவிப்பு ஒட்டினேன். தாராவியிலிருந்து வரும் நண்பர் ஒருவர், ‘அன்று வீட்டில் வேலை இருக்கிறது’ என்றார். நம்பினேன். ஊன்றுகோலுடன் நடக்கும் நண்பர் பணம் கட்டி உடன் வந்தார். பாறையில் வெட்டிய படிகளைக் கண்டதும், ‘நீங்கள் போய் வாருங்கள், பைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றார். நாங்களும் நன்றி சொல்லிவிட்டு ஏறினோம். மூன்று மணி நேரம்! மேலே நின்று எடுத்த படத்தில் அவ்விருவரும் இல்லை. பாலூவை வெளியே உட்காரவைத்தவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சினம் பொங்கியது. அந்தப் பைகள் நினைவுக்கு வந்ததும் அது அடங்கிவிட்டது.

விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சம பங்கு வேண்டுமென்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அது அரசாங்கத்துக்கு இட்ட கட்டளை. சுற்றுலாச் செயலாளருக்குச் சட்டம் ஏது?

இம்முறை தொகை குறிப்பதில்லை. சங்க அறையில் ஓர் உண்டியல் இருக்கும்; இயன்றவர் இயன்றதை இடலாம், யாருடைய பெயரும் எழுதப்படாது. இடத்தை மட்டும் ஊன்றுகோல் நண்பரிடமே கேட்டேன். ‘கடற்கரை வேண்டாம், மணலில் கோல் புதையும்’ என்றார். தாராவியை ஒட்டி ஓர் இயற்கைப் பூங்கா உண்டு. முன்பு நகரின் குப்பை கொட்டிய மேடு, இன்று மரங்கள் அடர்ந்த காடு. அதைச் சொன்னதும் தாராவி நண்பர் சிரித்தார்: ‘எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான். நான் உள்ளே போனதே இல்லை.’

வரும் சனிக்கிழமை காலை மூவரும் அதன் பாதைகளை நடந்து பார்க்கப் போகிறோம். எத்தனை படி, எங்கே அமர இடம், எங்கே குடிநீர் என்பதைக் குறித்துவந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.