வாங்காத வரியும் கொடுத்த பணமும்

சிவகிரி,
10.11.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ராஜபாளையத்தில் நீ வாங்கி அனுப்பிய மின்ஸ்கூட்டர் கொட்டேஷன் கிடைத்தது. மானியம் 5,000 கழிவு, சாலை வரி பூஜ்யம். "ரெண்டும் தள்ளுபடிதானே மாமா, எதுக்குத் தனித்தனியா போடணும்?" என்று கேட்டிருக்கிறாய்.

மானியம் டெல்லி தன் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற பணம். கடையில் உனக்கு விலையைக் குறைத்துவிடுவார்கள். கம்பெனி பிறகு அரசிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். பட்ஜெட்டில் அதற்கென ஒரு தொகை இருப்பதால் எல்லோர் கண்ணும் அதன் மேல்தான். 2021 ஜூனில் பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாய் கொடுத்தார்கள். 2023 ஜூனில் அது 10,000 ஆனது, 2024 ஏப்ரலில் 5,000. இப்போது 2,500, அதுவும் ஒரு ஸ்கூட்டருக்கு 5,000-ஐத் தாண்டாது. சித்திரையில் நம் ஊர்க் குளம் வற்றுகிற மாதிரிதான்.

வரிவிலக்கு அரசு வாங்காமல் விட்ட பணம். தமிழ்நாட்டில் லட்ச ரூபாய்க்குள் உள்ள பெட்ரோல் பைக்குக்கு 10 சதவீதம் சாலை வரி, மின்வண்டிக்குக் கிடையாது. ஜி.எஸ்.டி.யும் 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான். பெட்ரோல் வண்டிக்கு அது 28 ஆக இருந்தது. போன செப்டம்பர் 22-ல் சின்ன பெட்ரோல் வண்டிகளுக்கு 18 ஆக்கினார்கள் பார், மின்வண்டிக்கான சலுகையை யாரும் தொடவில்லை. ஆனாலும் அது சுருங்கிப்போனது! விலக்கின் பலம் பக்கத்து வண்டியின் வரியில் இருக்கிறது. நார்வேக்காரர்கள் 2001 முதல் மின்கார்களுக்கு 25 சதவீத மதிப்புக்கூட்டு வரியைத் தள்ளிவிட்டு மற்ற கார்கள் மேல் பாரத்தை ஏற்றியே ஊரை மாற்றினார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. லட்ச ரூபாய் ஸ்கூட்டர் என்றால் சாலை வரி விலக்கில் உனக்கு மிச்சம் 10,000 ரூபாய். 15 லட்சத்துக்கு மின்கார் வாங்குகிறவருக்கு, 18 சதவீதக் கணக்கில் 2,70,000! விலை ஏற ஏற சலுகையும் ஏறுகிறது. சொந்தக் காருக்கு மத்திய அரசின் மானியம் கிடையாது என்பது ஒரு ஆறுதல். ஆனால் குறைந்துகொண்டே வருவது உன் ஸ்கூட்டருக்கான மானியம்தான். காருக்கு விட்ட வரியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. கொடுத்ததை எண்ணுகிற மாதிரி வாங்காததை யார் எண்ணுகிறார்கள்?

தமிழ்நாட்டின் சாலை வரி விலக்கு டிசம்பர் 31 வரைக்கும்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் பதிவு முடிந்து நம்பர் கைக்கு வருமா என்று கடையில் கேட்டுக்கொண்டு அட்வான்ஸ் கொடு. பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம் என்பதையும் எழுதி வாங்கு.

உன் மாமா