இரண்டு சுற்று இறகு போதும்

குன்னூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தீர்த்தன் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்த படத்தை உன் அம்மா எனக்குக் காட்டினாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

மீன் பிடிக்காதே என்று நான் சொல்வேனா? தாத்தாவின் தூண்டில் உன் கைக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அவலாஞ்சிப் பக்கம் அவர் போவதை ஏன் விட்டார் என்பது உனக்குத் தெரியும். அதை மறுபடி எழுதவில்லை.

ஸ்பின்னரா, வெட் ஃப்ளையா என்று கேட்டிருந்தாய். உன் இஷ்டம். ஸ்பின்னரின் சுழல் தகட்டோடு வரும் மும்முனை முள் அடிக்கல்லில் மாட்டும். அதை எடுக்க நீ ஆற்றில் இறங்குவாய். திருப்பி விடவேண்டிய சின்ன மீனின் வாயையும் கிழிக்கும். வெட் ஃப்ளை தண்ணீருக்குள் மூழ்கும் இறகுப் பூச்சி. அதற்கு ஒற்றை முள், கரையிலிருந்தே வீசலாம். யோசித்து நீயே முடிவு செய்.

முடிவு செய்தபின், கடையில் வாங்காதே. கடை ஃப்ளையில் இறகை அள்ளிச் சுற்றியிருப்பார்கள். தண்ணீருக்குள் அது விறைத்து நிற்கும், அசையாது. இதைச் சொல்லித்தான் உன் சித்தப்பாவுக்கும் எனக்கும் பேச்சே குறைந்தது. இன்னும் சொல்வேன்: இரண்டு சுற்று, அதற்கு மேல் ஒரு இழைகூட வேண்டாம். 1857-இல் ஸ்காட்லாந்தின் தூண்டில்காரர் ஸ்டுவர்ட் தன் மீன்பிடிப் புத்தகத்தில் பெரிதாகச் சொன்னது, மெல்லிய இறகு சுற்றிய மூன்றே மூன்று ஃப்ளைகளைத்தான்.

14-ஆம் நம்பர் முள் எடு. ஆரஞ்சு பட்டு நூலில் மெழுகு தடவி, முள்ளின் கூர்முனைக்கு நேர்மேல் வரை நெருக்கமாகச் சுற்றித் திரும்பி வா. நனைந்தால் அந்த நூல் கருத்து, பூச்சியின் நிறத்துக்கு வந்துவிடும். பழுப்பு நாட்டுக்கோழிப் பெட்டையின் கழுத்து இறகில் அடிப்பஞ்சை உரித்துவிட்டு, நுனியைக் கட்டி, இழைகளைப் பின்பக்கம் நீவிக்கொண்டே சுற்று. இழை முள்ளின் வளைவைக் கொஞ்சம் தாண்டினால் போதும். சேவல் இறகு விறைப்பு, வேண்டாம். தாத்தாவின் டப்பாவிலுள்ள காட்டுக்கோழி இறகையும் கேட்காதே. 1972-இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அதெல்லாம் கூடாது.

ஓட்டத்துக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசு. கயிறு தானாக வளைந்து கரைப்பக்கம் வரட்டும். வந்து நின்றதும் இழுத்துவிடாதே, கொஞ்சம் தொங்கவிடு. அடியிலிருந்து மேலேறும் பூச்சி என்று நினைத்து டிரவுட் அங்கேதான் கடிக்கும். வெடுக்கென்று சுண்டாமல் தூண்டிலை மெல்ல உயர்த்து. மீன் கடிக்கவில்லையென்றால் ஃப்ளையை மாற்றாதே, ஆழத்தை மாற்று. மேல்நோக்கி வீசினால் அதே ஃப்ளை ஆழத்தில் மிதந்து வரும். பிரவுன் டிரவுட் கரையோரக் கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மாப்பிள்ளை, நடு ஆற்றில் உனக்கு என்ன வேலை?

2014 ஜூனில் லார்ஜி அணையில் திறந்த தண்ணீர் பியாஸில் நின்ற மாணவர்களை அடித்துப் போனதைப் படித்திருப்பாய். உன் தீர்த்தன் போய்ச் சேர்வது அந்த லார்ஜியில்தான். மேலே மழை பெய்தாலும் பனி உருகினாலும், நீ நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும்போதே தண்ணீர் ஏறும். முழங்காலுக்கு மேல் இறங்காதே. தனியாகப் போகாதே.

ரொம்பப் பேசிவிட்டேன், கோபப்படாதே. உன்னைப்போல் பொறுமையான பிள்ளை நம் வீட்டில் இல்லை. உன் விரல் தாத்தாவின் விரல். கோழி இறகும் ஆரஞ்சு நூலும் பார்சலில் வருகின்றன, அத்தை செய்த முறுக்கும் உண்டு. முதல் மீனைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பு. கரையில் நின்று எடு.

என்றும் அன்புடன்,
உன் மாமா